வையாபுரி ஒப்படைத்த ஐந்து துப்பாக்கிகள்

பழனி மலையின் கீழ்த்தொடரில், பதினொரு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கடந்து பேருந்து மூச்சு வாங்கி நிற்கிற ஆனைமுடங்கி என்ற ஊரில், காபியும் மிளகும் ஆரஞ்சும் விளைகிற முப்பது ஏக்கர் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான வையாபுரிக்கு எழுபத்தேழு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஓர் ஆள் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதென்று சட்டம் மாறிவிட்டதாகவும், மிச்சத்தைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படியும் அடிவாரத்துக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது.

அவரிடம் ஐந்து இருந்தன. பறவைகளுக்கென்று ஒரு சின்னத் துப்பாக்கி, முயலுக்கும் கேளையாடு என்கிற சின்ன மானுக்கும் ஒற்றைக்குழல், கடமானுக்கும் காட்டெருமைக்கும் ஒரு ரைஃபிள், அப்பா காலத்தில் மருந்து கெட்டித்துச் சுட்ட நாட்டுத் துப்பாக்கி, கடைசியாக வாங்கிய ரெட்டைக்குழல். கூடத்துச் சுவரில் மரக்கொக்கிகளில் வரிசையாகப் படுத்திருந்த அவற்றை மாதம் ஒருமுறை இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்ப ஏற்றுவதைத் தவிர வேறு எதற்கும் அவர் தொட்டுப் பல காலம் ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. காபி டம்ளரையே இரண்டு கையால் பிடித்தால்தான் தளும்பாமல் இருந்தது. ஆகவே கடிதத்தைப் படித்ததும் அவருக்குப் பெரிதாக வருத்தம் ஒன்றும் வரவில்லை. மூன்றைக் கொடுத்துவிடலாம், அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியையும் ரெட்டைக்குழலையும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்காக முடிவு செய்தார். முதலில் சின்னத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு மத்தியானப் பேருந்தில் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை, வீட்டுக்கு முன்னால் காபி காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் ஒரு காட்டுக்கோழி ஒற்றைக்காலைத் தூக்கியபடி நின்றிருந்தது.

விரட்டினால் போகவில்லை. கிட்டப் போனாலும் பார்க்கவில்லை. நெஞ்சில் மிளகளவு ஒரு துவாரம், அதைச் சுற்றி இறகு கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. தூக்கிய கால் தூக்கியபடி அன்று பகல் முழுக்க நின்றது, அதற்கடுத்த பகலும் நின்றது. வேலைக்கு வந்த பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு காபியைப் பரப்பினார்கள். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற சுப்புராயன் பால் ஊற்ற வந்தபோதுதான் வையாபுரி அதைச் சொன்னார்.

"இது நான் சுட்டதப்பா. காலேஜ் லீவுல வந்திருந்தப்ப முதமுதல்ல சுட்டது."

"என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுங்க அப்ப?"

வையாபுரி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "சருகைக் கிளறிக்கிட்டு இருந்துச்சு. காலைத் தூக்குச்சு, சுட்டேன்."

சுப்புராயன் களத்தையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிமெண்டுல எப்படிங்க கிளறும்?" என்று சொல்லிவிட்டுப் போய், ஆரஞ்சு மரத்தடியிலிருந்து ஒரு சாக்குச் சருகைக் கொண்டுவந்து அதன் முன்னால் கொட்டினான். கோழி தூக்கியிருந்த காலை இறக்கி ஒரே ஒரு முறை கிளறியது. எதையோ கொத்தியது. இறகைச் சிலுப்பிக்கொண்டு வாசல் படலைத் தாண்டிக் காபிச்செடிகளுக்குள் நடந்து போனது, பிறகு அது எங்கேயும் இல்லை. அடுத்த நாள் காலை அதே இடத்தில் வேறொரு கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

இப்படித்தான் அது தொடங்கியது. துப்பாக்கி வீட்டை விட்டுப் போனால் அது சுட்டதெல்லாம், சுட்ட வரிசையிலேயே, ஒரு காலைக்கு ஒன்றாகத் திரும்பி வரும் என்பதையும், செத்த நேரத்தில் செய்துகொண்டிருந்த காரியத்தை முடிக்க விட்டால் போய்விடும் என்பதையும், முடிக்க விடாவிட்டால் நின்றுகொண்டே இருக்கும் என்பதையும் ஆனைமுடங்கிக்காரர்கள் ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டார்கள். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. என்ன வேண்டும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். காலையில் வேலைக்குப் போகிற வழியில் படலோரம் நின்று, "இன்னிக்கு வந்தது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுங்க?" என்று கேட்பார்கள். வையாபுரி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த பச்சைப்புறாவுக்கு யாராவது அத்திக்கொப்பு ஒடித்துவந்தார்கள். மண்குளியல் குளித்துக்கொண்டிருந்த கவுதாரிக்குப் புழுதி கொட்டினார்கள். தோகை விரித்த மயிலுக்கு எதுவும் தேவைப்படவில்லை, விரித்ததைச் சுருக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு விலகி நின்றால் போதுமாயிருந்தது. ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. மறந்திருப்பார் என்றுதான் அவரே நினைத்திருந்தார்.

களம் இப்படி ஆகிவிட்டதால் காபியைத் தார்ச்சாலையில் காயப்போட வேண்டி வந்தது, பேருந்து ஓட்டுநர் ஒரு பக்கச் சக்கரத்தைப் புல்லில் இறக்கி ஓட்டப் பழகிக்கொண்டார். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, நோட்டில் படம் வரையச் சொன்னார். ஒற்றைக்குழலை ஒப்படைத்து முயல்கள் வரத் தொடங்கியபோது வனவர் அருள்தாஸ் வழக்குப் போடுவதற்காகத் தடித்த பதிவேட்டுடன் வந்தார். காலை பத்து மணியிலிருந்து ஒரு முயலை, அது பாய்வதற்குப் பின்னங்காலை மடக்கி நின்ற கோலத்தில், உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது செத்தது எப்பங்க?"

"எழுபத்தொன்பதுல."

"இப்ப உசுரோட நிக்குதே. எந்தப் பிரிவுல எழுதட்டும்?"

வையாபுரிக்கும் தெரியவில்லை. அருள்தாஸ் கடைசியில் தேதியைப் போட்டு, 'வந்தது. முடித்தது. போனது' என்று எழுதினார். பிறகு நாள் தவறாமல் வந்து அதையே எழுதினார். அந்தப் பதிவேட்டை மேலதிகாரிகள் யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

மூன்றாவதாக ரைஃபிளைக் கொடுத்தார். கடமான்கள் வந்தன. தண்ணீர் குடிக்கக் குனிந்திருந்தவற்றுக்குத் தொட்டி வைத்தார்கள், கொம்பு தேய்த்தவற்றுக்கு மரம் நட்டார்கள். எல்லாம் கைக்குப் பழகிவிட்ட வேலைபோல நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலை ஒரு பெட்டைக் கடமான் வந்து, தலையைத் தாழ்த்தி, நாக்கை நீட்டி, காற்றை நக்கிக்கொண்டு நின்றது.

வையாபுரி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. படலோரம் கூட்டம் சேர்ந்தது. "உப்பா இருக்கும்" என்று ஒருத்தி உப்புக்கல்லைக் கொண்டுவந்தாள். மான் அதை நக்கவில்லை. வெல்லம் வைத்தார்கள், ஈர மண் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் அதன் நாக்கு வறண்டு வெடித்தது, ஆனாலும் நீட்டி நக்குவதை அது நிறுத்தவில்லை.

"சொல்லுங்க" என்றான் சுப்புராயன். "சொன்னாத்தானே ஆகும்?"

"குட்டி இருந்துச்சு" என்றார் வையாபுரி. "குட்டியை நக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சுட்டேன்."

அந்தக் குட்டியை அவர் சுட்டிருக்கவில்லை, அதனால் அது வராது என்பது எல்லோருக்கும் விளங்கியது. காபி பறிக்கிற பெண் ஒருத்தி வீட்டுக்குப் போய், பிறந்து நான்கு நாள் ஆன தன் பசுங்கன்றைத் தோளில் தூக்கிவந்து மானின் முன்னால் நிறுத்தினாள். மான் கன்றைத் தலையிலிருந்து வால்வரை, காதுக்குள்ளும் தொடை இடுக்கிலும், நிதானமாக நக்கி முடித்தது. கன்று நடுங்காமல் நின்றது. மான் போன பிறகு அந்தக் கன்றின்மேல் பல மாதம் காட்டுவாசனை அடித்தது, அதன் தாய் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஊர்ப் பெண்கள் முறை வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகும் ஜனங்கள் வையாபுரியிடம் காலையில் வந்து கேட்டார்கள், தேவையானதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சட்டப்படி கொடுக்க வேண்டியது அத்தோடு முடிந்தது. இருந்தும் அவர் நாட்டுத் துப்பாக்கியையும் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் சுட்டதெல்லாம் அப்பா. எந்த மிருகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தவர் உயிரோடு யாரும் இல்லாததால், களத்தில் தண்ணீரும் கிழங்கும் புற்றுமண்ணும் தேனும் பலாச்சுளையும் எல்லாமே வைத்து, வருவது தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கரடி ஒன்று நான்கு நாள் இருந்துவிட்டுப் போனது.

சுவரில் ரெட்டைக்குழல் மட்டும் மிச்சம் இருந்தது.

இப்போது ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. அந்த ரெட்டைக்குழலை அறியாதவர்கள் ஆனைமுடங்கியில் கிடையாது. நாற்பத்தொரு வருசத்துக்கு முன்னால், வாங்கி இரண்டே மாதம் ஆகியிருந்த அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போன வையாபுரியின் தம்பி திருமலைச்சாமி, வழுக்குப்பாறையில் கால் தவறி விழுந்து, தன் கைத் துப்பாக்கி தானே வெடித்துச் செத்துப்போனான். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. கூடப் போயிருந்த வையாபுரிதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வரை நடந்து வந்தார். பேசி வைத்திருந்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கல்யாணமே செய்துகொள்ளாமல், பிள்ளையில்லாத தம்பி பெண்டாட்டி நாச்சம்மாளை அந்த வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். இது ஊருக்குத் தெரிந்த கதை.

நாச்சம்மாளுக்கு அன்றைக்கு இருபத்துநான்கு வயது, இன்றைக்கு அறுபத்தைந்து. கணவனுக்கு மூத்தவர் முன்னால் நிற்கக் கூடாது என்று வந்த புதிதில் சொல்லிக்கொடுத்தபடி, இத்தனை வருசமும் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவரிடம் பேசினாள். "பெரிய மாமா, சோறு வெச்சிருக்கேன்." "பெரிய மாமா, கூலியாளுங்க வந்திருக்காங்க." அவரும் கதவைப் பார்த்துத்தான், "சரி அம்மிணி" என்பார். ஒரே வீட்டில் நாற்பத்தொரு வருசம் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமலே இருவரும் கிழண்டு போயிருந்தார்கள்.

மிருகங்கள் வரத் தொடங்கிய நாளிலிருந்து நாச்சம்மாள் ஒருமுறைகூட ரெட்டைக்குழலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். களத்தைத் தினமும் இரண்டு தரம் கூட்டினாள். ஊர்தான் கேட்டது.

"அதையும் குடுத்துருங்க" என்றார்கள். "திருமலை ஒரு தரம் வந்து போகட்டும். அந்தப் பொம்பள கண்ணால பாக்கட்டும்."

"சட்டத்துல ரெண்டு வெச்சுக்கலாம்" என்பார் வையாபுரி.

"நீங்க என்னத்தைச் சுடப் போறீங்க இனிமே?"

அண்ணனுக்கு மனசு தாங்காது, அதுதான் இழுக்கிறார் என்று ஊர் அவருக்காக இரக்கப்பட்டது. கடமானுக்குப் பிறகு விலகியிருந்தவர்கள்கூட இதற்காக மறுபடி அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். வழுக்கி விழுந்தவன் வழுக்கி விழுந்தபடிதானே வருவான், சிமெண்டுத் தரையில் அடிபட்டுவிடக் கூடாது என்று யாரோ சொல்ல, வீட்டுக்கு ஒரு கட்டாக வைக்கோல் கொண்டுவந்து களத்தில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். சிலர் பழைய மெத்தைகளையும் கொண்டுவந்தார்கள். அந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டே ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தார் வையாபுரி. மழையில் அது நனைந்து மக்கியபோது, ஒரு வார்த்தை பேசாமல் பழையதை அள்ளிவிட்டுப் புதிதாகப் பரப்பினார்கள்.

புது வைக்கோல் வந்த அன்று சாயங்கால வெயிலில், நாச்சம்மாள் அடுக்களையில் முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். வையாபுரி கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அம்மிணி."

முறம் நின்றது.

"வைக்கோல் வேண்டியதில்லை. அவன் வழுக்கி விழல."

அவர் சொன்னார். அது வழுக்குப்பாறையே இல்லை, அதற்கும் அந்தப் பக்கம் நாவல்மரத்து ஓடை. பன்றித் தடம் பார்த்து இரண்டு பேரும் பிரிந்து போனார்கள். துப்பாக்கி அவர் கையில்தான் இருந்தது. அவன் பழுப்புக் கம்பளியைப் போர்த்தியிருந்தான். புதருக்குப் பின்னால் தாழ்வாக ஏதோ அசைந்தது. அது பன்றி என்று நினைத்தார். நினைத்தாரா, நினைக்க ஆசைப்பட்டாரா என்பது இன்றுவரை அவருக்கே தெரியவில்லை. விரல் இழுத்துவிட்டது. இழுக்கிற அந்த நொடியில் "அண்ணே, இங்க" என்று குரல் வந்தது. அதற்குமேல் வரவில்லை. போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. துப்பாக்கி அவன் கையில் இருந்ததென்றும், வழுக்குப்பாறையில் விழுந்தானென்றும் கதை கட்டியது, தூக்கிக்கொண்டு வருகிற வழியில்தான்.

நாச்சம்மாள் கேட்டாள்.

"அப்ப அவரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"தெரியாது அம்மிணி. குனிஞ்சிருந்தான். அவ்வளவுதான் தெரியும்."

"நாப்பத்தொரு வருசம் நான் அந்தப் பாறைக்குப் போய்ச் சூடம் கொளுத்திட்டு வந்தேன்."

"ஆமா."

"நீங்களும் கூட வந்தீங்க."

"ஆமா."

முறம் மறுபடி புடைக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு அவர் திரும்பப் போனபோது, கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "நாளைக்குக் காலையில கொண்டுபோய்க் குடுத்துருங்க. எனக்குச் சொல்ல வேண்டியது இருக்குது. அவரு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் சொல்றேன்."

அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். ரெட்டைக்குழல் அதற்கு முன் சுட்டது இரண்டு பன்றிகள்தான். முதல் நாள் ஒன்று வந்து சேம்பங்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போனது. மறுநாள் வந்தது சேற்றில் புரண்டு எழுந்து போனது. மூன்றாம் நாள் விடிந்ததும் ஊரே படலோரம் நின்றது. பேருந்து போகாமல் நின்றது. டீச்சர் பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை. அருள்தாஸ் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நாச்சம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள். தலையில் முக்காடு இல்லை, கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை.

"வைக்கோலை அள்ளிருங்க" என்றாள். "அவரு வழுக்கி விழலையாமா."

ஜனங்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வையாபுரியைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஓர் அணைப்பாக வைக்கோலை அள்ளி வெளியே போட்டார்கள். களம் வெறும் சிமெண்டாகி, அதன்மேல் வெயில் விழுந்தபோது, திருமலைச்சாமி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

கம்பளி தோளிலிருந்து சரிந்திருந்தது. கால்களில் அட்டை கடித்த ரத்தம். காதுக்குக் கீழே ஒரு துளை. தரையில் எதையோ ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி, "அண்ணே, இங்க" என்றான். அதோடு நின்றது. விரல் தரையிலேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி, "அண்ணே, இங்க" என்றான்.

அவனை அறிந்தவர்கள் அழுதார்கள். அவனை அறியாத இளசுகள், தங்கள் வயதிலேயே ஒரு பெரியப்பன் உட்கார்ந்திருப்பதை வாய் பிளந்து பார்த்தார்கள். நாச்சம்மாள் களத்தில் இறங்கி அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவன் பார்வை அவள்வழியே போயிற்று. மிருகங்கள் யாரையும் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அவள் இடம் மாறி இரண்டு மூன்று பக்கம் நின்று பார்த்தாள்.

"அண்ணே, இங்க."

தண்ணீர் வைத்தார்கள். பீடியும் தீப்பெட்டியும் வைத்தார்கள். தட்டில் சோறு வைத்தார்கள். நாச்சம்மாள் சொல்லி ஓடைமண்ணும் நாவல்பழமும் கொண்டுவந்து பரப்பினார்கள். எதற்கும் அவன் அசையவில்லை. அரை நாள் போயிற்று. குரல் கம்மிக்கொண்டே வந்தது, ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைகள் நிற்கவில்லை. வையாபுரி நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாச்சம்மாள்தான் கடைசியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களைத்தானே கூப்பிடறாரு? போங்க."

"எப்படிப் போவேன் அம்மிணி?"

"எந்திரிச்சுப் போங்க. வேற எதுவும் வேண்டியதில்லை அவருக்கு."

அவர் எழுந்தார். நாற்காலியிலிருந்து களத்தின் நடுவுக்கு இருபது எட்டு இருக்கும். ஊர் விலகி வழி விட்டது. போய், தம்பிக்குப் பக்கத்தில், மடங்காத முழங்கால்களைக் கையால் அழுத்தி மடக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

திருமலைச்சாமி அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அது முப்பத்தாறு வயசு முகமாகத் தெரிந்ததோ என்னவோ.

"அண்ணே, இங்க பாரு" என்றான் தாழ்ந்த குரலில், தரையைத் தொட்டபடி. "குட்டித் தடம். அஞ்சோ ஆறோ இருக்கும். தாய் நடுவுல போயிருக்குது. இன்னிக்கு வேண்டாமுண்ணே. விட்டுட்டு ஊட்டுக்குப் போலாம் வா."

வெறும் சிமெண்டில் ஒன்றுமே இருக்கவில்லை. வையாபுரி குனிந்து பார்த்து, "சரிப்பா" என்றார். "போலாம்."

திருமலைச்சாமி எழுந்து, கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மற்றதெல்லாம் படலைத் தாண்டிக் காட்டுப்பக்கம் போயின. அவன் வீட்டுப்பக்கம் வந்தான். நாச்சம்மாளின் கைக்கெட்டுகிற தூரத்தில், ஈரக் கம்பளி வாடை அடிக்க, அவளைத் தாண்டிப் படியேறி உள்ளே போனான். அவள் பின்னாலேயே ஓடினாள். கூடத்திலும் அடுக்களையிலும் மச்சிலும் அவள் நடக்கிற சத்தம் வெளியே கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வெளியே வந்தபோது அவள், "உள்ள யாருமில்லை" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. அருள்தாஸ் அன்றைக்குப் பதிவேட்டில் எதையும் எழுதவில்லை. போலீசுக்குச் சொல்வதா வேண்டாமா என்று சிலர் டீக்கடையில் பேசத் தொடங்கி, பேச்சு பாதியிலேயே அறுந்து போக, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வையாபுரி குத்துக்காலிட்ட இடத்திலிருந்து தானாக எழ முடியாமல் கிடந்தார். சுப்புராயன்தான் வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

மறுநாள் காலை நாச்சம்மாள் ஒரு பையில் நான்கு சேலைகளை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். ஒட்டன்சத்திரத்தில் அவள் தங்கச்சி வீடு இருந்தது. பையை வையாபுரிதான் வாங்கித் தூக்கி வந்தார். பெஞ்சில் இருவரும் ஒரு பையளவு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பேருந்து ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏதோ சொல்லணும்னியே அம்மிணி" என்றார்.

அவள் திரும்பி, அவர் முகத்தை, புரை விழுந்த கண்ணையும் நடுங்குகிற மோவாயையும், முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"நீங்க சுட்டதைக்கூட நான் மன்னிச்சிருப்பேன், பெரிய மாமா. கை தவறிப் போச்சுன்னு அன்னிக்கே என்கிட்ட வந்து அழுதிருந்தா, நானும் கூட அழுது முடிச்சிருப்பேன். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. நீங்க கல்யாணம் பண்ணியிருப்பீங்க. நானும் எங்கியாச்சும் போயிருப்பேன். இத்தனை வருசம் நான் அழுதது பாறையில விழுந்து செத்தவருக்கு. அப்படி ஒருத்தரு சாகவே இல்லை. வேண்டாம், ஊட்டுக்குப் போலாமுன்னு சொல்லிக்கிட்டே செத்தவருக்கு நான் ஒரு சொட்டுக்கூட அழுகலை. இனி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு அந்த வீடு ஆகாதுங்க."

"முடிஞ்சதும் வருவியா?"

"முடியட்டும்" என்றாள்.

பேருந்து இறங்கிப் போனது. ஆனைமுடங்கி நிறுத்தத்திலிருந்து பார்த்தால் கீழே ஒவ்வொரு வளைவிலும் அது மறைந்து மறைந்து தெரியும். கடைசி வளைவிலும் மறையும்வரை அவர் நின்றார். சுப்புராயன் ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, தளும்பாமல் இருக்க டம்ளரின் அடியைத் தானும் பிடித்துக்கொண்டான்.

அதன்பிறகு அவர் இரண்டு வருசம் இருந்தார். களத்தில் மறுபடி காபி காய்ந்தது. அவரே சோறு வடித்துக்கொண்டார். ஊரார் அவரிடம் பேசினார்கள். மழை, மிளகு விலை, கண் ஆபரேஷன் என்று பேசுவார்கள், அதற்குமேல் போகமாட்டார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து நாச்சம்மாளின் தங்கச்சி மகன் எப்போதாவது சுப்புராயனுக்குப் போன் செய்வான். பெரியம்மா காலையில் ஒரு மணி நேரம் அழுகிறாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு காபி குடிக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்பான். அதைச் சுப்புராயன் வந்து சொல்லும்போது வையாபுரி ஒவ்வொரு முறையும், "அழுகை இன்னும் மிச்சம் இருக்குதாமா?" என்று கேட்பார்.

இரண்டாம் வருசம் ஐப்பசியில் அவர் செத்துப்போனார். தகவல் போய், நாச்சம்மாள் மத்தியானப் பேருந்தில் வந்து இறங்கினாள். வந்தவள் மாலை போடவில்லை, ஒப்பாரிப் பெண்களோடு சேர்ந்து உட்காரவில்லை. தலைமாட்டில் போய் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கூட இருந்தது யாரு?" என்று கேட்டாள்.

சுப்புராயன் முன்னால் வந்தான்.

"எப்படிச் செத்தாரு? உள்ளதைச் சொல்லு. அழகாச் சொல்ல வேண்டாம்."

அவன் சொன்னான். காலை பத்து மணி இருக்கும். டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நெஞ்சை ஒரு மாதிரி அடைக்குது என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், பாதி குடித்தார், மீதி சட்டையில் கொட்டிக்கொண்டது. பஸ் வந்துருச்சா என்றார். இன்னும் இல்லீங்க என்றேன். தலை சாய்ந்துவிட்டது.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க. ஒரு செருப்பு கழண்டு கெடந்துச்சு."

"எந்தக் காலு?"

"இடது."

"மறுபடி சொல்லு."

அவன் மறுபடி சொன்னான். அவள் இன்னொரு முறையும் சொல்லச் சொன்னாள். மூன்று முறையும் ஒன்றுபோலவே இருந்தது, பத்து மணியும் பாதித் தண்ணீரும் இடது செருப்பும். அப்புறம்தான் நாச்சம்மாள் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது.